கெர்னல் கோடில் ஸ்டாட்டிக் அனலைசர் (கோடை இயக்காமலேயே படித்துப் பிழை தேடும் கருவி) தரும் எச்சரிக்கை நிஜமா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அனலைசர் காட்டும் வரியை எத்தனை முறை பார்த்தாலும் தப்பு தெரியவில்லை, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். ஆனால் அந்த வரியையே முறைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். புகார் வருவது அங்கே. காரணம் பெரும்பாலும் நாற்பது வரி மேலே உட்கார்ந்திருக்கும்.

நான் சிங்கப்பூரில் லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு, டிரைவர் எழுதிப் பிழைப்பவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சென்சார் டிரைவர் என் கையில் வந்தது. ஸ்மாட்ச் என்ற அனலைசரை ஓட்டினால், 'ரெட்' என்ற மாறிக்கு மதிப்பே கொடுக்கவில்லை என்றது. பார்த்தால், சேனல்களைச் சுற்றிவரும் லூப்பின் முதல் வரியிலேயே அதற்கு மதிப்பு வருகிறது. சேனலே இல்லாத சென்சார் எங்கே இருக்கிறது? பொய் எச்சரிக்கை என்று முடிவுகட்டி, மேலே 'ரெட் = 0' போட்டேன். சத்தம் அடங்கியது. தேக்காவுக்குப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், ரிவியூ பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, அதோட வாயை அடைச்சிட்டீங்க. அது என்ன சொல்ல வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

கேட்கவும் முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஸ்மாட்ச்சுடன் 'செக் டீபக்' என்று ஒரு ஹெடர் கோப்பு வருகிறது. அதைச் சேர்த்துக்கொண்டு, சந்தேகமான இடத்தில் 'ஸ்மாட்ச் இம்ப்ளைடு' என்ற ஃபங்ஷனிடம் மாறியைக் கொடுத்தால், அந்த இடத்தில் அதன் மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று தான் நினைப்பதைச் சொல்லிவிடும். லூப்புக்கு மேலே சேனல் எண்ணிக்கையைக் கொடுத்தோம். 0-8 என்று வந்தது. 8 புரிந்தது, அதற்கு மேல் போனால் பிழை என்று நானே எழுதியிருந்தேன். 0? எண்ணிக்கை வருவது டிவைஸ் ட்ரீ என்ற, வன்பொருளை விவரிக்கும் கோப்பிலிருந்து. அதை எழுதுபவர் 0 போட்டுவிட்டால் தடுக்க என் கோடில் எதுவும் இல்லை. லூப் ஒருமுறைகூட ஓடாது, 'ரெட்'டுக்கு மதிப்பும் வராது. என் 'ரெட் = 0' இன்னும் மோசம்: ஒரு சேனலைக்கூடத் தொடாமல், எல்லாம் நலம் என்று (திருப்பித் தரும் 0-வுக்கு அதுதான் பொருள்) டிரைவர் திரும்பியிருக்கும். 8-ஐச் சோதிக்கும் இடத்திலேயே 0-வையும் தடுத்தேன். அப்புறம் 'ரெட் = 0'-வை எடுத்த பிறகும் எச்சரிக்கை வரவில்லை.

ஸ்பார்ஸ் என்ற இன்னொரு அனலைசர் வேறு ரகம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கியது. யூசர் பாயிண்டரா (பயனர் நிரல் தந்த நினைவக முகவரி), ஐஓ மெமரியா (சாதனத்தின் நினைவகம்), பிக் எண்டியனா (பைட்டுகளை அடுக்கும் ஒரு வரிசை) என்று நாம் ஒட்டிய அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. காஸ்ட் போட்டு, அதாவது வகையை வலுக்கட்டாயமாக மாற்றி, அதை அடக்குவது என் 'ரெட் = 0' மாதிரிதான். எச்சரிக்கை ஏதாவது மேக்ரோவுக்குள் போய் நின்றால், மேக் கட்டளையில் கோப்பின் பெயரை .ஐ என்று முடித்துக் கொடுங்கள், மேக்ரோ விரிந்த கோடு கிடைக்கும். இன்னொன்று: மேக் கட்டளையில் 'சி=1' கொடுத்தால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டுமே சோதிக்கும். இரண்டாம் முறை எச்சரிக்கை காணாமல் போனால் சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், 'சி=2' போட்டுப் பாருங்கள்.

பாயிண்டரைப் பயன்படுத்திவிட்டு அப்புறம் அது பூஜ்யமா என்று பார்க்கிறீர்கள் என்ற எச்சரிக்கையை மட்டும் அலட்சியம் செய்யவே வேண்டாம். 2009-இல் லினக்ஸின் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் இதுதான் நடந்தது. ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டதே, பூஜ்யமாக இருக்காது என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையாகிப்போனது.

சக ஊழியரின் கணினியில் வரும் எச்சரிக்கை உங்களிடம் வரவில்லையா? அவர் ஸ்மாட்ச்சின் டேட்டாபேஸைக் கட்டியிருப்பார். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றுக்கு என்ன மதிப்பு அனுப்புகிறது என்பது அதில்தான் இருக்கிறது. திரும்பக் கட்டும் ஒவ்வொரு முறையும் அழைப்புச் சங்கிலியில் ஒரு படி கூடுதலாகத் தெரியும். கட்ட மணிக்கணக்காகும். நான் சாயங்காலம் ஓட்டிவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறிவிடுவேன், காலையில் வந்தால் தயாராக இருக்கும்.