ஒரே கோப்பில் பல பேர் கை வைத்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிஎச்பியில் (இணையதளங்களுக்கான நிரல்மொழி) ஒரு விண்ணப்பப் படிவம். டோக்கன் எண்ணை டெக்ஸ்ட் கோப்பில் வைத்து, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒன்று கூட்டுகிறோம். எஃப்லாக் (கோப்பைப் பூட்டும் கட்டளை) போட்டிருக்கிறேன். ஆனாலும் சில நாள் இரண்டு பேருக்கு ஒரே எண் போகிறது. ஒருமுறை 1-க்கே திரும்பிவிட்டது.

பதில்: முதலில் கோப்பைப் படித்துவிட்டு, அப்புறம் எஃப்ஓபனில் ‘டபிள்யூ’ (எழுதும் முறை) கொடுத்துத் திறந்து, அதற்கும் பிறகுதான் பூட்டுகிறீர்கள். சரியா? இதில் இரண்டு ஓட்டைகள். முதல் ஓட்டை: ஒரு ரெக்வெஸ்ட் (சர்வருக்கு வரும் கோரிக்கை) 41 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் அடுத்ததும் 41 என்றே படிக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. இரண்டாவது ஓட்டை: ‘டபிள்யூ’ திறக்கும்போதே கோப்பைக் காலி செய்துவிடும், பூட்டுக்காகக் காத்திருக்காது. அந்த நொடியில் படிக்க வந்தவருக்கு வெறும் கோப்பு. பூஜ்யத்தோடு ஒன்று கூட்டினால் 1.

‘சி பிளஸ்’ முறையில் திறங்கள், அது எதையும் அழிக்காது. உடனே எஃப்லாக், அதில் லாக் இஎக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பூட்டு). பூட்டு கிடைத்த பிறகே படியுங்கள், கூட்டுங்கள். அப்புறம் ரீவைண்ட் (கோப்பின் தொடக்கத்துக்குப் போக), எஃப்ட்ரன்கேட் (பழையதை அழிக்க), எஃப்ரைட் (எழுத), எஃப்ஃப்ளஷ் (எழுதியதை உடனே கோப்புக்கு அனுப்ப), கடைசியாகப் பூட்டைத் திறப்பது. படிப்பதும் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: ஃபைல் புட் கன்டென்ட்ஸிலேயே (ஒரே வரியில் கோப்பில் எழுதும் கட்டளை) லாக் இஎக்ஸ் கொடுக்கலாமே, போதாதா?

பதில்: எழுதுபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இருக்கப் போதும். படிப்பவரைத் தடுக்காது. லினக்ஸில் எஃப்லாக் என்பது பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரிதான். மதிக்கிறவருக்கு மட்டுமே அது பூட்டு. கோப்பைப் படிக்கும் ஃபைல் கெட் கன்டென்ட்ஸ் பூட்டு கேட்பதே இல்லை, அதனால் பாதி எழுதிய கோப்பையும் வாசித்துக்கொண்டு போகும். (விண்டோஸில் இது கட்டாயப் பூட்டு. அங்கே சோதித்துவிட்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றுபவர்கள் கவனம்.)

செட்டிங்ஸ் ஜேசான் போல முழுதாக மாற்றும் கோப்பென்றால் வேறு வழி நல்லது. தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, ரீநேம் செய்யுங்கள். படிப்பவருக்குப் பழையது கிடைக்கும் அல்லது புதியது கிடைக்கும், அரைகுறை கிடைக்காது. தற்காலிகக் கோப்பை அதே ஃபோல்டரில் வையுங்கள். வேறு பார்ட்டிஷனில் இருந்தால் ரீநேம், காப்பியாக மாறிவிடும். இந்த முறையில் பூட்டுக்கென்று தனிக் கோப்பு வேண்டும். டேட்டா கோப்பையே பூட்டினால், ரீநேம் ஆனதும் காத்திருந்தவர் கையில் சிக்குவது செத்துப்போன பழைய கோப்பின் பூட்டு.

கேள்வி: சார், என் டாஷ்போர்டு ஐந்து அஜாக்ஸ் ரெக்வெஸ்ட் (பக்கம் மாறாமல் பின்னணியில் போகும் கோரிக்கை) அனுப்புகிறது. எல்லாம் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிகின்றன. நான் எந்தப் பூட்டும் போடவில்லை!

பதில்: நீங்கள் போடவில்லை, பிஎச்பி போட்டிருக்கிறது. செஷன் ஸ்டார்ட் அழைத்ததும் அந்தப் பயனரின் செஷன் கோப்பு (லாகின் போன்ற அவர் விவரங்கள் இருக்கும் கோப்பு) பூட்டப்படும். ஸ்கிரிப்ட் முடியும்வரை அந்தப் பூட்டு திறக்காது. தேவையானதை எழுதியவுடன் செஷன் ரைட் குளோஸ் அழையுங்கள். படிக்க மட்டும்தான் என்றால் பிஎச்பி 7.0 முதல் ‘ரீட் அண்ட் குளோஸ்’ இருக்கிறது.

கேள்வி: பைத்தானில் த்ரெடிங் லாக் போட்டேன். குனிகார்ன் (பைத்தான் வெப் சர்வர்) 4 வொர்க்கரோடு ஓடுகிறது. பூட்டால் பயனில்லை.

பதில்: இருக்காது. ஒவ்வொரு வொர்க்கரும் தனி ப்ராசஸ் (தனியாக ஓடும் நிரல்), ஆளுக்கொரு பூட்டு. எஃப்சிஎன்டிஎல் மாட்யூலில் உள்ள எஃப்லாக்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இப்போது இரண்டு சர்வர், நடுவில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும் கோப்பகம்). இதே பூட்டு ஓடுமா?

பதில்: லினக்ஸ் 2.6.12 முதல் என்எஃப்எஸ் மேலும் எஃப்லாக் மற்ற இயந்திரங்களுக்குத் தெரியும். ஆனால் மவுன்ட் (அந்தக் கோப்பகத்தை இணைக்கும்) அமைப்பைப் பொறுத்தது; நான் நம்பி இறங்க மாட்டேன். சர்வர் இரண்டானால் எண்ணை மைசீக்வல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுங்கள். எஸ்க்யூலைட்டை (ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) என்எஃப்எஸ்ஸில் வைக்கவே வேண்டாம், அதன் ‘வால்’ (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறை ஒரே இயந்திரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும்.

கேள்வி: பூட்டு பிடித்த ப்ராசஸ் நடுவில் செத்துவிட்டால்? பூட்டுக் கோப்பை நான் அழிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ப்ராசஸ் போனதும் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட்டை விட்டுவிடும். ‘கோப்பு இருந்தால் பூட்டு’ என்று சொந்தமாகச் செய்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. காலிக் கோப்பு அங்கேயே கிடக்கட்டும். அழித்தால் ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதிதாக உருவானதையும் பூட்டிக்கொண்டு, இருவரும் ஒன்றாக உள்ளே நுழைவார்கள்.