சதுக்கம் கட்டியாச்சு, ஆள் எங்கே? நகர மையம் பற்றிச் சில கேள்வி பதில்கள்

நகர வடிவமைப்பாளராகச் சதுக்கங்கள், நடைபாதைகள், கடைத்தெருச் சீரமைப்பு போன்ற வேலைகளைச் செய்துவருகிறேன். நகர மையங்களைப் பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் நகர மையத்தில் ஏகப்பட்ட செலவில் ஒரு சதுக்கம் கட்டினார்கள். கிரானைட் தரை, நீரூற்று, அலங்கார விளக்கு எல்லாம் உண்டு. திறப்பு விழா முடிந்ததும் காலியாகிவிட்டது. என்ன குறை?

இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்றுதான்.

நியூயார்க் 1961-ல் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால், விடும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டுநர்கள் போட்டி போட்டுக்கொண்டு திறந்தவெளி விட்டார்கள். பல இடங்கள் வெறும் கல்தரையாகக் கிடந்தன. 1970-களில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் அந்தச் சதுக்கங்களில் கேமராவைப் பொருத்தி, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தார். சில சதுக்கங்கள் நிரம்பி வழிந்தன, பக்கத்திலேயே வேறு சில காலியாக இருந்தன. வெயில், பரப்பளவு, வடிவம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த வித்தியாசத்தை மற்ற எதையும்விட நன்றாக விளக்கியது உட்காரும் இடத்தின் அளவுதான். அதன் பிறகு 1975-ல் நியூயார்க் விதியைத் திருத்தியது: சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீளத்துக்கு இருக்கை வேண்டும்.

வைட் பதிவு செய்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலியில் உட்கார வருபவர், உட்காருவதற்கு முன் அதைச் சில அங்குலம் தள்ளிப் போட்டுக்கொள்வார். வெயில் மாறவில்லை, பார்வையும் மாறவில்லை. ஆனாலும் தள்ளுவார். 'இது என் இடம்' என்று அவர் ஆக்கிக்கொள்ளும் முறை அது. தரையோடு சேர்த்துப் பதித்த பெஞ்சில் இது நடக்காது.

அடுத்து, சதுக்கத்தின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் வண்டி நிறுத்துமிட வாசலும் மட்டும் இருந்தால், நடுவில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஆள் வரமாட்டார்கள். மக்கள் முதலில் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். கதவு, டீக்கடை, ஜன்னல், நிழல் என்று ஓரத்தில் ஏதாவது இருந்தால்தான் நடுப்பகுதியும் மெல்ல நிரம்பும். சாலை மட்டத்திலிருந்து நாலைந்து படி ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தால் அதுவும் ஆளைக் குறைக்கும்.

கேள்வி: பெஞ்சு போட்டால் குடிகாரர்கள் வந்து படுத்துவிடுகிறார்கள் என்று சொல்லி எங்கள் பகுதியில் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இது சரியா?

சரியில்லை. நியூயார்க்கின் பிரயன்ட் பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக இருந்தது. சாலையைவிட உயரமான தரை, சுற்றிலும் வேலி, புதர். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. 1988-ல் மூடி, புதரையும் வேலியையும் எடுத்து, வாசல்களின் எண்ணிக்கையைக் கூட்டி, 1992-ல் மறுபடி திறந்தார்கள். சங்கிலி போடாத நாற்காலிகளை நிறைய வைத்தார்கள், சாப்பிட இடமும் அமைத்தார்கள். இன்று அது நகரத்திலேயே அதிகம் பேர் வந்துபோகும் பூங்காக்களில் ஒன்று. நாலு பேர் புழங்கும் இடத்தில் தப்பு செய்பவர் தானாகவே விலகிப் போவார்.

இருக்கையை எடுத்துவிட்டால் முதலில் அடிபடுவது முழங்கால் வலியோடு வரும் முதியவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும்தான். வீடில்லாமல் பெஞ்சில் படுப்பவருக்குத் தேவை வீடு. பெஞ்சின் நடுவே இரும்புக் கம்பி வைப்பதால் அவருக்கு வீடு கிடைத்துவிடாது.

கேள்வி: நான் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கப் போகிறார்களாம். வியாபாரம் படுத்துவிடும் என்று சங்கத்தில் எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் கடைத்தெருவில் 1962-ல் வண்டிகளைத் தடை செய்தபோது அங்கிருந்த வியாபாரிகளும் இதையேதான் சொன்னார்கள். இந்தக் குளிர் நாட்டில் யார் தெருவில் உலாத்துவார்கள் என்று கேட்டார்கள். இன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தெரு நகரத்தின் முக்கியமான வியாபார வீதி. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரக் கடைக்காரர்களிடம் எத்தனை வாடிக்கையாளர்கள் காரில் வருகிறார்கள் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன அளவு உண்மையில் வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்கு எதிரே நிற்கும் காரை எல்லோரும் கவனிக்கிறோம். பஸ்ஸில் இறங்கி நடந்து வருபவரின் முகம் அப்படி மனதில் பதிவதில்லை.

ஆனால் தோற்ற கதைகளும் உண்டு. அமெரிக்காவில் 1959-ல் கலமசூ நகரில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் நடைவீதி அமைத்தன. பெரும்பாலானவற்றில் பிறகு வண்டிகளைத் திரும்ப விட்டுவிட்டார்கள். கலமசூவே 1998-ல் தன் நடைவீதியில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அங்கே மக்கள் ஏற்கெனவே புறநகருக்குக் குடிபோயிருந்தார்கள். நகர மையத்தில் வீடு இல்லை, மாலையில் வர ஆளும் இல்லை. காரைத் தடை செய்ததால் மட்டும் கூட்டம் வந்துவிடாது.

எனவே உங்கள் சங்கம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நடந்து வரும் தூரத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? பஸ் நிறுத்தம் தெருமுனையில் இருக்குமா, அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுமா? சரக்கு இறக்கக் காலையில் எத்தனை மணி வரை வண்டி விடுவார்கள்? முக்கியமாக, முதலில் சோதனையாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-ல் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு அடைத்தபோது சாதாரண மடக்கு நாற்காலிகளைப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். கல் பதிக்கும் வேலையெல்லாம் அப்புறம்தான்.

கேள்வி: பில்பாவோ மாதிரி ஒரு பிரமாண்டக் கட்டடம் கட்டினால் எங்கள் நகரமும் உலக வரைபடத்தில் வந்துவிடுமா?

ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997-ல் திறந்த, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே பில்பாவோ மெட்ரோ ரயிலைத் திறந்துவிட்டது. சாக்கடையாகியிருந்த நெர்வியோன் ஆற்றைச் சுத்தப்படுத்தியது. நகருக்குள் இருந்த துறைமுகத்தைக் கடல் பக்கம் நகர்த்தி, ஆற்றங்கரையை மக்களுக்குத் திறந்துவிட்டது. இவ்வளவையும் விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் வாங்கினால் பராமரிப்புச் செலவுதான் மிஞ்சும்.

கேள்வி: கட்டடக்கலை மாணவி நான். பழைய கட்டடத்தைப் பாதுகாக்கச் சொன்னால், சொந்தக்காரர் "நஷ்டத்தை நீங்கள் தருவீர்களா" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது மேடம்?

நல்ல கேள்விம்மா. நியூயார்க்கில் பென் ரயில் நிலையத்தின் அழகான பழைய கட்டடத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆத்திரத்தில்தான் 1965-ல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகரச் சட்டமே வந்தது. பிறகு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளர்கள் கேட்டபோது நகரம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அங்கே ஒரு வழியும் இருந்தது: தன் நிலத்தின் மேல் கட்ட முடியாமல் போன தளப்பரப்பு உரிமையை அக்கம்பக்க மனைகளுக்கு மாற்றி விற்கலாம். சொந்தக்காரர் கையில் காசு, ஊரின் கையில் கட்டடம். இந்த ஏற்பாட்டைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளச் சின்னம் என்றால் அதைப் பார்க்கும் பார்வையும் சேர்ந்ததுதான். லண்டனில் புனித பவுல் தேவாலயத்தைச் சுற்றி 1938 முதலே உயரக் கட்டுப்பாடு உண்டு. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரிச்மண்ட் பூங்கா மேட்டிலிருந்து தெரியும் அதன் குவிமாடத்தைக்கூட இன்றும் காக்கிறார்கள்.

கேள்வி: உயரமான கட்டடத்தின் அடியில் மட்டும் ஏன் அப்படிக் காற்று வீசுகிறது?

மேலே காற்று வேகம் அதிகம். அகலமான சுவரில் மோதியதும் அதில் ஒரு பகுதி கீழே இறங்கி, மூலைகளில் சுழன்று பாயும். அடித்தளத்தை அகலமாக்கி, கோபுரத்தைப் பின்தள்ளிக் கட்டினால் தெருவில் தாக்கம் குறையும். வரைபட நிலையிலேயே காற்றுச் சோதனை கேளுங்கள். கட்டி முடித்த பிறகு மரம் வைத்துச் சமாளிப்பது கஷ்டம்.

கேள்வி: எங்கள் பூங்காவில் பையன்கள் மட்டுமே இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள்.

இந்தப் பதிலை ஏற்காதீர்கள். வியன்னாவில் 1990-களில் ஆய்ந்தபோது, சுமார் பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைவதைக் கண்டார்கள். திறந்த மைதானம் ஒன்றே ஒன்று இருந்தால் அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் சண்டை போடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய இடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, வாலிபால், பூப்பந்து போன்றவற்றுக்கு இடம் தந்து, நடைபாதைகளைச் சீராக்கியதும் பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். இதோடு நான் சேர்த்துக் கேட்பது கழிப்பறை. சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் அதிக நேரம் தங்கமாட்டார்கள்.

கேள்வி: அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி நடைபாதைக் கடைகளை விரட்டுகிறார்களே?

சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து, 2005-ல் சியாங்கேசான் ஓடையை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டெடுத்தார்கள். உலகமே பாராட்டியது, நானும் பாராட்டுகிறேன். ஆனால் அதன் கரையில் பிழைத்த சிறு வியாபாரிகளை முதலில் ஒரு பழைய விளையாட்டு அரங்குக்கு அனுப்பி, அங்கிருந்தும் கிளப்பினார்கள். அந்தக் கணக்கையும் வெற்றியோடு சேர்த்தே எழுத வேண்டும். கூட்டம் இருக்கும் இடத்தில் உணவு விற்பவர் இருப்பார், உணவு விற்பவர் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் வரும். அவருக்கு இடம் குறித்து, தண்ணீரும் குப்பைத்தொட்டியும் கொடுத்து, திட்டத்தின் முதல் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறோம். நாங்கள் நிபுணர்கள் இல்லை. எங்கள் பேச்சை எடுத்துக்கொள்வார்களா?

கணக்கோடு போனால் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கடந்து போகிறவர்களை எண்ணுங்கள். பிறகு ஒரு சுற்று நடந்து, உட்கார்ந்திருப்பவர், நிற்பவர், விளையாடும் பிள்ளை, முதியவர், பெண் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். படியிலோ தரையிலோ உட்கார்ந்திருப்பவர்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். அங்கே இருக்கை தேவை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். கூட்டத்தில் அந்தத் தாளைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, திறப்பு விழா முடிந்த பிறகு பராமரிக்கப் போவது எந்தத் துறை, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.