90 பிபிஎம் ராப், 174 பிபிஎம் டிரம் அண்ட் பாஸில் உட்காரவில்லை

90 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 90 தட்டு) பதிவு பண்ணின ராப் குரல், 174இல் ஓடுற டிரம் அண்ட் பாஸ் (வேகமான மின்னணு நடன இசை) பீட்டில் உட்காரலைன்னு கேட்டிருக்கீங்க. குரலை 174க்கு இழுக்காதீங்க, 87க்கு இறக்குங்க. 174இல் சரிபாதி 87. 90இலிருந்து அங்கே போக மூணு சதவீதச் சொச்சம்தான், காது கண்டுபிடிக்காது.

கீச்சுக் குரல் வருதுன்னு எழுதியிருக்கீங்க. மென்பொருள் கோப்பை 90ன்னு படிச்சு, 174ஐ எட்டக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுது. சுருதியும் கூடவே ஏறுது. கோப்பின் டெம்போ (வேகம்) கட்டத்தில் 90ஐ அழிச்சு 180 போடுங்க. 180இலிருந்து 174க்கு இறங்குறதும் 90இலிருந்து 87க்கு இறங்குறதும் ஒண்ணுதான். சுருதி மாறாத வார்ப் (வேகத்தை மாத்துற) முறையையும் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா சுருதி ஒரு செமிடோனில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்களின் இடைவெளி) பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இறங்கிடும். பேச்சு ராப்புக்குப் பரவாயில்லை, பாடுற ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) பேஸோடு மோதும்.

அப்புறமும் இடிச்சா, குரலையும் ஸ்னேரையும் (பளீர்னு அடிக்கிற டிரம்) மட்டும் ஓடவிட்டுக் கேளுங்க. டிரம் அண்ட் பாஸில் ஸ்னேர் விழுறது நாலு தட்டில் 2, 4ஆவதில். 87இல் எண்ணுற ராப்பருக்கு அது ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் வந்து விழும். எதுகை ஒரு பக்கம், ஸ்னேர் அடி ஒரு பக்கம். அவர் தாளம் தப்பலை, பாவம். வரிகள் வரும் பகுதியில் மட்டும் ஸ்னேரை 3ஆவது தட்டுக்கு மாத்தி ஹாஃப்-டைம் (பாதி வேகம் மாதிரி கேட்கும்) ஆக்கித் தரச் சொல்லி பீட் செஞ்சவர்கிட்ட கேளுங்க. ஹூக்கில் பழைய வேகம் திரும்பும்போது நல்லாவே தூக்கும்.

ஒண்ணு: இந்தப் பாதிக்கணக்கு 126 பிபிஎம் ஹவுஸ் நடன இசைக்கு உதவாது. 126இல் பாதி 63, அது ரொம்பக் கீழே; 90லிருந்து 126க்குப் போனா 40 சதவீத ஏற்றம். மெய்யெழுத்தெல்லாம் கிழியும், புதுசாப் பதிவு பண்ணிடுங்க.