லேர்னிங் அட்வைசரைப் போய்ப் பாருன்னு சொன்னா பயப்படணுமா?

திருநெல்வேலில இருந்து ஒரு அப்பா கேட்டிருக்காரு. பொண்ணு மெல்போர்ன்ல மாஸ்டர்ஸ் சேர்ந்து முதல் செமஸ்டர், முதல் அசைன்மென்ட்லயே 100க்கு 46, கீழ "சொந்த அலசல் இல்ல, லேர்னிங் அட்வைசரைப் பாருங்க"ன்னு கமென்ட். லேர்னிங் அட்வைசர்னா எழுதுற முறையைக் காட்டித்தர யூனிவர்சிட்டி வச்சிருக்குற ஆளு. இந்த கமென்ட் வார்னிங்கா, விசாவுக்கு ஏதும் வருமா, தனியா காசு கட்டணுமான்னு கேக்குறாரு. பொண்ணுக்கு போகவே வெக்கமா இருக்காம்.

சார், முதல்ல விசா பயத்தை விடுங்க. படிப்பு எப்படி போகுதுன்னு ஒரு செமஸ்டர் முழுசா வச்சுதான் பாப்பாங்க, ஒரு அசைன்மென்ட்ட வச்சு இல்ல. வெளிநாட்டுப் பிள்ளைங்க பின்தங்குனா யூனிவர்சிட்டிதான் கவனிச்சு உதவி பண்ணணும்னு ஆஸ்திரேலியாவோட 2018 நேஷனல் கோட்லயே (வெளிநாட்டுப் பிள்ளைங்கள சேர்க்குற இடங்களுக்கான விதிமுறை) இருக்கு, அந்த உதவிக்கு தனியா ஃபீஸ் வாங்கவும் கூடாது. நீங்க கட்டுன ஃபீஸ்லயே இது அடக்கம்.

நானும் லேர்னிங் அட்வைசர் வேலைலதான் இருக்கேன், அதனால உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். லேர்னிங் அட்வைசர் மார்க் போடுறவங்க இல்ல, பாடம் நடத்துறவங்களும் இல்ல, கேள்வியை எப்படி புரிஞ்சுக்கணும், எப்படி வாதம் வைக்கணும், எங்கிருந்து எடுத்தோம்னு ரெஃபரன்ஸ் எப்படி குடுக்கணும்னு பக்கத்துல உக்காந்து காட்டுறவங்க. இடத்துக்கு இடம் பேரு மாறும், மெல்போர்ன் யூனிவர்சிட்டில அகாடமிக் ஸ்கில்ஸ்னு சொல்வாங்க.

நம்ம ஊர் பிள்ளைங்க கொண்டு வர்ற பேப்பர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு பாராவும் "அக்கார்டிங் டு"ன்னு ஆரம்பிக்கும், இவர் இப்படி சொல்றாரு, அவர் அப்படி சொல்றாரு, முடிஞ்சுது. "சரிம்மா, இவங்க ரெண்டு பேர்ல நீ யார் பக்கம், ஏன்?"னு கேட்டா கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அப்புறம் மெதுவா, "நான் சொல்லலாமா மேடம்?"னு ஒரு கேள்வி வரும். எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப் போயிடும். புக்ல இருக்குறத வரி மாறாம எழுதுனாதான் மார்க்குன்னு பன்னெண்டாவது வரைக்கும் பழக்கிட்டு, அப்புறம் காலேஜ்லயும் அதையே பண்ண வச்சு அனுப்பினா அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அங்க வரி மாறாம எழுதி ரெஃபரன்ஸ் விட்டுட்டா அதுக்கு காப்பின்னு பேரு. அறிவு குறைச்சல்னு நினைக்கவே நினைக்காதீங்க, எழுதுற முறைதான் வேற.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுங்க, முழு பேப்பரையும் திருத்தித் தர மாட்டாங்க. ஒரு பக்கம் ரெண்டு பக்கம் சேர்ந்து படிச்சு, திரும்பத் திரும்ப வர்ற தப்ப காட்டுவாங்க, மிச்சத்தை அவதான் திருத்தணும். அதனால நாளைக்கு சப்மிஷன், இன்னைக்கு ராத்திரி போறேன்னா பிரயோஜனம் இல்ல, ஒரு வாரமாவது முன்னாடி போகணும். கடைசி வாரங்கள்ல ஸ்லாட்டும் கிடைக்காது.

இன்னொரு விஷயம், இந்த மாதிரி நேரத்துலதான் வாட்ஸ்அப்ல "அசைன்மென்ட் எழுதித் தர்றோம்"னு மெசேஜ் வரும். தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போக வேண்டாம்னு சொல்லுங்க. 2020ல வந்த சட்டப்படி காசு வாங்கிட்டு எழுதித் தர்றவங்களுக்கு 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, எழுதி வாங்குன பிள்ளை மேல யூனிவர்சிட்டி நடவடிக்கை எடுக்கும், அது போதாதுன்னு அந்த ஆளுங்களே பின்னாடி காசு கேட்டு மிரட்டுறதும் நடக்குது.

இந்த வாரமே புக் பண்ணச் சொல்லுங்க. 46 வாங்குன பேப்பர், அந்தக் கேள்வித்தாள், மார்க் எப்படி பிரிச்சாங்கன்னு காட்டுற ரூப்ரிக், அடுத்த அசைன்மென்ட்டுக்கு அரைகுறையா எழுதுன டிராஃப்ட் இருந்தா அதுவும், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும். புக் பண்றப்போ எதுக்கு வர்றீங்கன்னு கேட்டா "இங்கிலீஷ் செக் பண்ணணும்"னு போடாம, லெக்சரர் எழுதுன அந்த கமென்ட்டை அப்படியே டைப் பண்ணச் சொல்லுங்க, எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு அட்வைசருக்கு அப்பவே தெரிஞ்சிடும்.