பகிர்ந்துகொள்வது பற்றிய கார்ட்டூன் எபிசோடுகள் ஏன் குழந்தைகளிடம் எடுபடுவதில்லை?

கேள்வி கேட்டவர் தன் நாலு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து, "நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்கிற வகை எபிசோடு ஒன்றைப் பார்த்திருக்கிறார். படம் அழகு, பாட்டு நன்றாக இருக்கிறது, கருத்திலும் குறையில்லை. ஆனாலும் சப்பென்று இருந்தது, பிள்ளையும் கொஞ்சம்கூட அசையவில்லை, ஏன் என்று கேட்கிறார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வெட்கக்கேடான தகுதி இருக்கிறது. அப்படிப்பட்ட எபிசோடு ஒன்றை நானே எழுதியிருக்கிறேன்.

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்த காலம். எபிசோடு 11 நிமிடம். கரடிக்குட்டியிடம் புத்தம் புது சிவப்பு மூன்று சக்கர சைக்கிள். முயல் கேட்கிறது, கரடி தரமாட்டேன் என்கிறது. அணில் கேட்கிறது, அதற்கும் அதே பதில். எல்லோரும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கரடி தனியாக வட்டமடிக்கிறது, பின்னால் சோகமாக ஒரு வயலின். தாத்தா ஆமை வந்து நாலு வரி உபதேசம் செய்கிறார். கரடி மனம் மாறி முயலைக் கூப்பிடுகிறது. சிரிப்பு, பாட்டு, முடிந்தது. எழுத ஒன்றரை நாள்தான் ஆனது. அவ்வளவு சுலபமாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. கடைசிப் பாட்டில் கரடியும் முயலும் ஒன்றாகச் சுற்றுவது போல எழுதியிருந்தேன். காட்சிகளை வரிசையாகப் படமாக்கித் தரும் ஸ்டோரிபோர்டு வரைபவர் போன் செய்து, "சார், இதுல ஒருத்தர்தானே உட்கார முடியும்?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பின்னாடி ஒரு சீட் போட்டுடுங்க" என்றேன்.

முழுதாக வண்ணம் ஏற்றும் முன், கோட்டோவியமாக ஓடும் பதிப்பை 4 முதல் 6 வயது வரையுள்ள 12 குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினோம். சைக்கிள் முதலில் வரும்போது எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஆமை வாயைத் திறந்ததும் ஒருவன் தன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். பாட்டு வந்தபோது பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். முடிந்ததும், "கதை எதைப் பத்தி?" என்று கேட்டேன். "சைக்கிள்" என்றார்கள். ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கி, "அந்தப் பின் சீட்டு முதல்லயே இருந்திருந்தா சண்டையே வந்திருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தச் சிறுமியின் கேள்வியிலேயே இருக்கிறது. பகிர்வது என்றால் கொஞ்ச நேரமாவது நம்மிடம் ஒன்று இல்லாமல் போவது. அந்த இழப்பைக் காட்ட எனக்குப் பயம். அதனால் ஒரு சீட்டை வரைந்து தப்பித்தேன். பெரும்பாலான எபிசோடுகளில் இப்படி ஏதாவது ஒரு சீட் கடைசி நிமிடத்தில் முளைத்துவிடும். இன்னொரு பொம்மை கிடைக்கும், அல்லது கேட்ட குழந்தை பதிலுக்கு இன்னும் நல்லதாக ஒன்றைக் கொண்டுவரும், அல்லது கொடுத்த அடுத்த நொடியே விட்டுப்போன நண்பர்கள் எல்லோரும் திரும்பி ஓடிவருவார்கள். கொடுத்தவனுக்கு நஷ்டமே இல்லை. வீட்டில் நடப்பது வேறு. கொடுத்த குழந்தை ஓரமாக நின்று, தன் சைக்கிளில் இன்னொருவன் ஜாலியாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் அதற்குத் தெரிய வேண்டும். கதை அங்கே வந்ததும் பாட்டைப் போட்டுவிடுகிறது.

அப்புறம், பகிர வேண்டும் என்பது குழந்தைகளுக்குத் தெரியாத விஷயம் போல நாம் எழுதுகிறோம். தெரியும். ஸ்மித், பிளேக், ஹாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 3 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள்கூட சமமாகப் பங்கு போட வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால் தங்களுக்கு அதிகமாக வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் செய்வோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். ஆக, என் ஆமைத் தாத்தா நாலு வரியில் சொன்னது அந்த 12 பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தெரிந்ததையே திரும்பச் சொன்னால் ஷூ லேஸை அவிழ்க்காமல் என்ன செய்வார்கள்?

"பகிர்" என்கிற சொல்லும் ஒரு தொல்லை. ஒரு தாள் ஸ்டிக்கரில் பாதியைக் கிழித்துக் கொடுத்தால் அது போனது போனதுதான். கலர் பென்சில் பெட்டியை நடுவில் வைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வரையலாம். சைக்கிள் என்றால் முறை வைத்து ஓட்ட வேண்டும், திரும்பி வரும். விளையாடும் வயது தாண்டிப்போன பொம்மையைக் கொடுப்பது ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது. நாலும் நாலு விதமான செயல், நாலிலும் மனதுக்குள் நடப்பது வேறு வேறு. கார்ட்டூன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை ஒட்டிவிடுகிறது. திரும்பி வருமா வராதா என்பதே தெரியாமல் ஒரு குழந்தை எப்படிக் கையை விடும்? என் எபிசோடில் முயல் எத்தனை சுற்று ஓட்டும், எப்போது இறங்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரடி அப்படி என்ன தப்பு செய்தது? சைக்கிள் அன்றைக்குத்தான் வந்தது. நான் புது போன் வாங்கிய அன்று, "கொஞ்சம் குடுங்க, நான் ஒரு மணி நேரம் வெச்சுக்கறேன்" என்று யாராவது கேட்டால் தந்திருப்பேனா? கரடிக்கு மட்டும் அந்த நியாயத்தைத் தர மறுத்து, ஊரே ஒதுக்கிவைப்பதாக எழுதினேன். யோசித்துப் பார்த்தால் என் கதை சொல்லிக்கொடுத்தது இதுதான்: தன்னிடம் இருப்பதை ஒருவன் உனக்குத் தரவில்லையா, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அவனோடு பேசாதே, தானாக வழிக்கு வருவான். வீட்டில் அதே பதிப்பைப் பார்த்த என் மகள் மறுநாள் தம்பி கையிலிருந்த காரைப் பிடுங்கினாள். ஏன் என்று கேட்டால், "அவன் ஷேர் பண்ணல" என்கிறாள்.

நிமிடக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 11 நிமிடத்தில் மறுப்பு, கோபம், ஒதுக்குவது எல்லாம் சேர்ந்து ஏழரை நிமிடம். கொடுப்பது 40 விநாடி. ஆஸ்ட்ரோவ், ஜென்டைல், கிரிக் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் பாலர் வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. கல்வி நோக்கமுள்ள நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் "உன்னைச் சேர்த்துக்க மாட்டேன்" ரக ஒதுக்கல் கூடியிருந்ததாகச் சொல்கிறது. சண்டை நீளமாகவும் சமாதானம் குட்டியாகவும் இருந்தால் குட்டிப்பிள்ளைக்கு அந்த இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது என்பது அவர்கள் முன்வைத்த ஒரு விளக்கம். ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாதுதான். ஆனால் என் வீட்டுக் கார் விவகாரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

கரடி, முயல் எல்லாம் வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் பகிர்வு பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் மனிதர்கள், மற்றொன்றில் சட்டை போட்ட விலங்குகள். 2017-இல் வந்த அந்த ஆய்வில், மனிதர் கதை கேட்டவர்கள் ஸ்டிக்கரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்கள் முன்பைவிடக் குறைத்தே கொடுத்தார்கள். இதற்கு முன் 2008-இல், மூன்று கால் நாய் ஒன்று வரும் எபிசோடை மேரஸ், அகோஸ்டா என்ற இருவர் ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். மாற்றுத்திறன் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வதுதான் அதன் பாடம். பல பிள்ளைகள் எடுத்துக்கொண்டதோ, மூன்று கால் நாயிடம் அன்பாக இரு என்பதை மட்டும். நாயிலிருந்து மனிதனுக்குத் தாவுவது பெரியவர்களுக்குச் சின்ன எட்டு, அவர்களுக்கு அப்படி இல்லை. இதை எங்கள் தயாரிப்பாளரிடம் சொன்னேன். கரடி பொம்மை விற்கும், பக்கத்து வீட்டுப் பையன் பொம்மை விற்காது என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, போட்டுக் காட்டியதால் என்ன லாபம் என்று கேட்டால், பெரிய இடத்தில்கூட இப்படி நடந்திருக்கிறது. செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் 1992-இல் விவாகரத்து பற்றி ஒரு எபிசோடை முழுதாக எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டியது. பிள்ளைகள் பயந்து, தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். எடுத்த எபிசோடை ஒளிபரப்பாமல் மூடிவைத்துவிட்டார்கள். எங்களிடம் மூடிவைக்கும் அளவுக்குப் பணம் இல்லை, ஆகவே திருத்தினோம்.

திருத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆமையை நீக்கினேன். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கயிறு இழுத்து ஒரு பொருளைப் பெற்றால் அதைத் தாங்களாகவே சமமாகப் பிரிக்கிறார்கள் என்று 2011-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வில் படித்திருந்தேன். அதை வைத்து, சேற்றில் புதைந்த சைக்கிளைக் கரடியும் முயலும் சேர்ந்து இழுத்து வெளியே எடுப்பதாகத் தொடக்கத்தை மாற்றினேன். முயல் கேட்கிறது. கரடி உடனே தரவில்லை, "இன்னும் ரெண்டு சுத்து நான் ஓட்டிட்டுத் தர்றேன்" என்கிறது. முயல் காத்திருக்கிறது. பிறகு கரடி இறங்கி, "நீ மூணு சுத்து" என்று சொல்லிக் கொடுக்கிறது. பின் சீட் போனது. முயல் ஓட்டும்போது கேமரா கரடியின் முகத்திலேயே நிற்கிறது. சுவரில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, முறைத்துக்கொண்டு, விரலை மடக்கி எண்ணிக்கொண்டு. இசை இல்லாமல் 25 விநாடி. தயாரிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "படம் நின்னுபோச்சுனு நினைச்சுடுவாங்கப்பா" என்றார்.

மறுபடி அதே குழந்தைகளுக்குப் போட்டோம். இரண்டு பேர் வரவில்லை. அந்த 25 விநாடியில் யாரும் அசையவில்லை. முயல் இரண்டாவது சுற்று முடித்தபோது பின்வரிசையில் ஒருவன் "ரெண்டு" என்றான். மூன்றாவது சுற்று முடிந்தும் முயல் இறங்காமல் கொஞ்சம் தயங்கும். நான் வேண்டுமென்றே வைத்த தயக்கம் அது. சீட்டைப் பற்றிக் கேட்ட அதே சிறுமி எழுந்து நின்று, திரையைப் பார்த்து, "மூணு ஆச்சு, எறங்கு!" என்று கத்தினாள்.

வீட்டில் இதனால் சண்டை குறைந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. காரை இப்போது பிடுங்குவதில்லை, அவ்வளவுதான். எத்தனை சுற்று என்பதில்தான் இப்போது அடிதடி.