வேலைய விட்டா நிம்மதி வந்துருமா?

வணக்கம் அக்கா, தேவகோட்டையில இருந்து எழுதுறேன். காரைக்குடியில ஒரு பேங்க்ல வேலை, தினம் பஸ்ல போய்ட்டு வர்றேன். ரெண்டு பிள்ளைங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா படுக்க பதினொண்ணு ஆயிருது. இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிச்சல், வீட்டுக்காரர்கிட்ட சிரிச்சுப் பேசியே நாளாச்சு. அவரு "வேலைய விட்டுரு, வீடு நிம்மதியா இருக்கும்"ங்கிறாரு, மாமியாரும் அதேதான். நான் வேலைக்குப் போறதாலதான் இப்படி ஆச்சா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இல்லம்மா. உங்க கடிதத்துல பேங்க்க பத்தி ஒரு குறை கூட இல்ல. அஞ்சு மணியும் பதினொண்ணும்தான் இருக்கு, அது ரெண்டும் வீட்டு நேரம்.

2024-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்துச்சு, அதுவும் வீட்டு வேலை செய்யுற ஆம்பளைங்கள மட்டும் எடுத்த கணக்கு, எட்டியே பாக்காதவங்க அதுல இல்ல.

1983-ல அமெரிக்காவுல கேத்தரின் ராஸ், மிரோஸ்கி, ஹூபர்னு மூணு பேர் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மனநிலையையும் சேத்து ஆராய்ஞ்சாங்க. பொண்டாட்டி வேலைக்குப் போறது ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்து வீட்டு வேலையையும் பங்கு போட்டுக்கிட்ட ஜோடிங்கதான் மனச்சோர்வு கம்மியா இருந்தாங்க, அவளும் சரி அவனும் சரி. அதே வேலை, அதே சம்பளம், ஆனா வீடு முழுக்க அவ தலையிலன்னா அவனுக்கு நிம்மதி, அவளுக்கு மட்டும் பாரம். உங்க வீட்டுல அவருக்கும் நிம்மதி இல்லங்கிறதுதான் இன்னும் வருத்தம். அவரு கெட்டவரு இல்ல, நீங்க படுற பாடு கண்ணுல படுது, வழிதான் தப்பா சொல்றாரு.

நம்ம பக்கம் பழைய நகரத்தார் வீடுகள்ல மகனுக்கு கல்யாணம் ஆனா வேறு வைப்பாங்க, தெரியுமில்ல? வீடு ஒண்ணுதான், ஆனா அவங்களுக்குன்னு தனி அறை, தனி அடுப்பு, வருஷச் செலவுக்கு ஒரு தொகை. அந்த அடுப்புல என்ன கொதிக்கணும்னு வந்த பொண்ணுதான் முடிவு பண்ணுவா. ஆம்பளைங்க ரங்கூன், பினாங்குன்னு கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போன காலத்துல ஆச்சிமார் வரவு செலவு பாத்து, தன் பணத்த வட்டிக்கும் விட்டாங்க. பணமும் கணக்கும் நம்ம வீட்டுப் பொம்பளைக்கு புதுசா வந்தது இல்ல, அத உங்க மாமியாருக்கு நீங்க சொல்லவே வேண்டாம், அவங்க பாத்து வளந்ததுதான். இப்ப அடுப்ப ஒண்ணாக்கிட்டோம், சமைக்கிறது நீங்க, சொல்றது நாலு பேரு. எரிச்சல் வராம என்ன வரும்?

அவர்கிட்ட "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, ஒரு வேலைய முழுசா குடுத்துருங்க. பிள்ளைங்க டிபன் பாக்ஸ்னா என்ன செய்யணும்னு யோசிக்கிறது, சாமான் வாங்குறது, செய்யுறது, கழுவுறது எல்லாம் அவரு. மொத வாரம் தோசை கருகும், இட்லி கல்லா இருக்கும், போய் சரி பண்ணாதீங்க. பிள்ளைங்க சாப்பிட்டுக்கும்.

தூக்கமே வரல, காரணமில்லாம அழுகை வருதுன்னா தள்ளிப் போடாம டாக்டர பாருங்க. அரசோட மனநல உதவி எண் 14416, டெலி மானஸ்னு பேரு, அதுல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ஆறு மாசம் இப்படி நடத்திப் பாத்துட்டு வேலைய விடுற பேச்ச எடுக்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க, அதுவரைக்கும் ராஜினாமா வேண்டாம்.

அன்புடன்,
அக்கா