கடைசி எண்ணைத் தவிர எதையும் தொடாதீர்கள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். மகள் 11-ஆம் வகுப்பு. ‘2எக்ஸ் − 3ஒய் + 7 = 0 என்ற கோட்டுக்கு இணையாக, (4, −1) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க’ என்ற கணக்கில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறது. குறுக்குவழி கற்றுத்தரும் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் கட்டம் போட்ட நோட்டு நாலு வாங்கிக் கொடுங்கள்.

இணைகோடுகளுக்குச் சாய்வு ஒன்றே. சாய்வைத் தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் முன்னால் நிற்கும் எண்கள். கடைசியில் உள்ள 7 கோட்டை நகர்த்தும், சாய்க்காது. ஆகவே 7-க்குப் பதிலாக, இன்னும் தெரியாத எண்ணைக் ‘கே’ என்று வைத்து 2எக்ஸ் − 3ஒய் + கே = 0 என்று எழுதி, எக்ஸுக்கு 4, ஒய்க்கு −1 போடச் சொல்லுங்கள். 8 + 3 + கே = 0. கே = −11. விடை 2எக்ஸ் − 3ஒய் − 11 = 0. அவ்வளவுதான்.

மகள் சறுக்குவது அந்த 3-இல்தான் என்று நினைக்கிறேன். −3(−1) என்று அடைப்புக்குறி போடாவிட்டால் 8 − 3 ஆகி, கே = −5 என்று வந்து நிற்கும். நான் திருத்திய நோட்டுகளில் அலுக்க அலுக்கப் பார்த்த தவறு இது.

பயிற்சி மைய வாசல்களில் விற்கும் சூத்திரக் கையேடுகளை வீட்டுக்குள் விடாதீர்கள். இணைகோட்டுக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் அடுத்தடுத்த வரியில் சூத்திரம் இருக்கும். பதற்றத்தில் பிள்ளை எண்களை இடம் மாற்றி 3எக்ஸ் + 2ஒய் என்று தொடங்கினால் கிடைப்பது செங்குத்துக் கோடு. பள்ளிக்கே போகாமல் வருகைப்பதிவு வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களும் இங்கே உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ) 75 சதவீத வருகை கேட்கிறது; மாட்டிக்கொண்டால் தவிப்பது தரகர் அல்ல, பிள்ளை. இதையெல்லாம் தெரிந்தே நடக்கவிடுகிறார்களே!

ஒரு வகைக் கணக்கில் மட்டும் கவனம் தேவை. எக்ஸ் = 5 என்ற கோட்டுக்கு இணையாக, அதே (4, −1) வழியே ஒரு கோடு கேட்கிறார்கள் என்று வையுங்கள். எக்ஸ் = 5 நேராக நிமிர்ந்து நிற்கும் கோடு. ஒய்யே இல்லாததால் சாய்வு காணப் போனால் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். பிள்ளைகள் சாய்வு பூஜ்ஜியம் என்று எழுதி, ஒய் = −1 என்று முடித்துவிடுகிறார்கள். அது படுத்திருக்கும் கோடு. நின்ற கோட்டுக்கு எப்படி இணையாகும்? இங்கும் கே-யே கைகொடுக்கும்: எக்ஸ் + கே = 0 என்று எழுதி 4-ஐப் போட்டால் கே = −4, அதாவது எக்ஸ் = 4. ஒய்யின் −1 எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். நிமிர்ந்த கோட்டுக்கு அது தேவையில்லை.

கணக்கு முடிந்ததும் புள்ளியை விடையில் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 8 + 3 − 11 பூஜ்ஜியம் ஆகிறதா? ஆகிவிட்டால் அடுத்த கணக்குக்குப் போகலாம்.